மட்டக்குதிரை: வாங்கிய புதிதில் நோய்த்தடுப்பு

மட்டக்குதிரை என்பது தோளில், பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் ஏறக்குறைய 148 செ.மீ. உயரத்துக்கு மேற்படாத குதிரை. தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் சவாரிக்கும் ரேக்ளா பந்தயத்துக்கும் இவை பயன்படுகின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரைகளும் விலைபோகின்றன. பல ஊர்க் குதிரைகள் ஒரே இடத்தில் கட்டப்பட்டு, ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பதால், சந்தையில் வாங்கிய குதிரையோடு நோயும் வீடு வந்து சேரலாம். அதனால் முதல் மாதப் பராமரிப்பே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

புதுக் குதிரையை மூன்று, நான்கு வாரம் தனியே கட்ட வேண்டும். வாளி, தூரிகை, கயிறு எல்லாம் தனியாக இருக்க வேண்டும். பழைய குதிரைகளைக் கவனித்த பிறகே இதனிடம் போக வேண்டும். காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. தாடை எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துத் தடவிப் பார்ப்பதும் தினசரி வழக்கமாக வேண்டும். அங்கே கட்டி தென்பட்டு, காய்ச்சலும் மூக்கில் சீழும் சேர்ந்தால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக்கட்டி நோயாக இருக்கலாம். கிருமி தொற்றி 3 முதல் 14 நாளுக்குள் அறிகுறி தெரியும். தேறிய குதிரையும் சில சமயம் கிருமியைச் சுமந்து திரியும்.

கிளாண்டர்ஸ் இதைவிடக் கொடியது. மூக்கில் புண்ணும் பிசுபிசுத்த ஒழுக்கும், காலின் உட்புறம் வரிசையாக உடையும் கட்டிகளும் இதன் அடையாளங்கள். மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும். தடுப்பூசி கிடையாது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி இதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். கடி ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் ரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் தடுப்பூசி இல்லை. ஆனால் மருந்து உண்டு. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, கால், வயிற்றடி வீக்கம் ஆகியவை அதைக் காட்டித் தரும். இவ்விரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதைச் செலவென்று தள்ளிப்போடக் கூடாது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய நோய்களைக் கண்டறிவதில் நாட்டின் முதன்மை நிறுவனம்.

தடுப்பூசிகளில் முதலிடம் டெட்டனஸுக்கு. குதிரை இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும். குளம்பில் ஏறிய சிறு ஆணி போதும். பழைய உரிமையாளர் போட்டதாகச் சொன்னாலும், சீட்டு இல்லையென்றால் போடவில்லை என்றே கொள்ள வேண்டும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கொரு முறை. தெருநாய் நடமாடும் ஊர்களில் வெறிநோய்த் தடுப்பூசியும் தவிர்க்கக் கூடாதது.

குடற்புழு மருந்தை எடைபார்த்துக் கொடுக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, அதை உடல் நீளத்தால் பெருக்கி (எல்லாம் செ.மீ.), 11,880ஆல் வகுத்தால் எடை தோராயமாகக் கிலோவில் கிடைக்கும். மருந்து கொடுத்த மூன்று நாள் மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி, சாணத்தை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இரண்டு வாரம் கழித்துச் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்த்தால் மருந்து வேலை செய்ததா என்று தெரியும். பார்க்காமலே மாதந்தோறும் மருந்து கொடுப்பது புழுக்களைத்தான் பலப்படுத்தும்.

மெலிந்த குதிரையைக் கண்டதும் தவிடும் கொள்ளும் அள்ளி வைப்பது நம்மவர் பாசம். கேடு அங்கேதான் தொடங்குகிறது. மட்டக்குதிரை குறைந்த தீனியில் வாழப் பழகிய இனம். திடீரென மாவுச்சத்து மிகுந்தால் வயிற்றுவலியும், குளம்பின் உள்சவ்வு அழற்சியும் வரும். முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் குதிரையின் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். 200 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 கிலோ உலர்தீவனம் போதும். பச்சைப்புல் என்றால் 15 முதல் 20 கிலோ வரை. புதுத் தீனிக்கு ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும். கொழுத்த குதிரையையும் பட்டினி போடக் கூடாது. ரத்தத்தில் கொழுப்பு பெருகி இறந்துவிடும். நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது; தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டையுமே நம்பி வளர்த்தால் முக எலும்பு வீங்கி, கால் நொண்டும். கோழித்தீவனமோ கலப்பு மாட்டுத்தீவனமோ கொடுக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் குதிரைக்கு உயிர்க்கொல்லி.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். பல்லின் கூர்முனைகளை ஆண்டுக்கொரு முறை அராவிவிட வேண்டும்.

சந்தைக்குப் போகும்போதே கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவர் பார்த்துச் சொன்ன பிறகு பணத்தைக் கொடுங்கள்.