44-க்கு 18: நம்ம சைக்கிளோட கியரை யார் முடிவு பண்ணினது?

ஓசூர்லயும் பெங்களூருலயும் வேலை பார்க்கிற நண்பர்கள் சிலர் இப்போ சிங்கிள் ஸ்பீட் சைக்கிள் வாங்குறாங்க. "என்ன கியர் ரேஷியோ வைக்கலாம்?"னு கேட்கிறாங்க. நான் ஊத்தங்கரைக்காரன். எங்க ஊர் சைக்கிள் கடையில இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வண்டி வரும்போதே பதிலும் சேர்ந்து வந்துடும். அந்தப் பதில் எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

தாத்தா காலத்துக் கறுப்பு ரோட்ஸ்டர் ஒண்ணு கிடைச்சா, முன்னாடி செயின் வீல்ல பல்லை எண்ணிப் பாருங்க. பெரும்பாலும் 44, இல்லைன்னா 48. பின்னாடி ஃப்ரீவீல்ல 18 அல்லது 20. 44-ஐ 18-ஆல வகுத்து, 28 அங்குலச் சக்கரத்தால பெருக்கினா 68 சொச்சம் வரும். இதைக் கியர் அங்குலம்னு சொல்வாங்க.

கியருக்கு எதுக்கு அங்குலம்? 1870-கள்ல இங்கிலாந்துல ஓடின சைக்கிளுக்குச் செயினே கிடையாது. ஆளுயர முன்சக்கரத்துலயே பெடல் இருக்கும். வேகம் வேணும்னா இன்னும் பெரிய சக்கரம் வேணும். ஆனா எவ்வளவு பெரிசு வரைக்கும் போகலாம்னு கால் நீளம்தான் முடிவு பண்ணும். குள்ளமானவங்க பாவம்! 1885-ல ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வச்ச ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். சக்கரம் சின்னதாச்சு, வேகத்தைப் பல்லோட எண்ணிக்கை பார்த்துக்கிச்சு. ஆனா அளவுகோல் மட்டும் மாறலை. 68-ன்னா, அஞ்சடி எட்டங்குல உயரச் சக்கரத்து மேல உட்கார்ந்து நேரா மிதிக்கிறதுக்குச் சமம். ஒரு சுத்து மிதிச்சா சுமார் 5.4 மீட்டர் நகரும்.

இந்த ரோட்ஸ்டர் இங்கிலாந்துல உருவானது. 1949-ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினாங்க. நம்ம வாயில சர்வசாதாரணமா வர்ற ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ரெண்டுமே பர்மிங்காம் பேருங்க. பேரோட சேர்ந்து வடிவமும் வந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து, ஓரளவு சமமான ரோட்டுல போக அது நல்ல கியர்தான்.

எங்க ஊர்ல அந்த ஒரு ஆள் கணக்கு எங்க நடந்தது? கேரியர்ல ரெண்டு பக்கமும் பால் கேன். இல்லைன்னா மாங்காய்க் கூடை, நெல் மூட்டை. சிங்காரப்பேட்டை பக்கம் ஜவ்வாது மலை அடிவார மண் ரோடு. மேடு வந்தா இறங்கித் தள்ளணும். சிங்கிள் ஸ்பீடுக்குக் கியர் ஒண்ணுதான்னு சொல்றவங்க இந்தத் தள்ளுறதைக் கணக்குல சேர்க்கிறதில்லை. ரெண்டாவது கியர் அதுதானே!

வெளிநாட்டுலயும் இப்படித்தான் இருந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903-ல தொடங்கினாலும், கியர் மாத்துற டிரெய்லரை 1937-லதான் அனுமதிச்சாங்க. அதுவரைக்கும் பின்சக்கரத்தோட ரெண்டு பக்கமும் வேற வேற பல் வச்சிருப்பாங்க. மலை அடிவாரத்துல இறங்கி, சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டுவாங்க. அவங்களுக்கு அது பந்தயம். பால்காரருக்கு அது தினசரி விடியற்காலை.

அவர் கையில இருந்த ஒரே வழி ஃப்ரீவீலை மாத்துறது. 18 பல்லுக்குப் பதிலா 20 போட்டா 68 கியர் 62-க்கு இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் கால் போடுற பலத்துல பத்துல ஒரு பங்கு மிச்சம். வேகம் குறையும்தான், ஆனா அந்தச் சுமையோட யார் பறக்கப்போறா? சின்னச் சக்கரமும் இதே வேலையைச் செய்யும்: அதே 44-18-ஐ 26 அங்குலச் சக்கரத்துல போட்டா 63 சொச்சம்தான்.

1980-ல எங்க மாவட்டத்து ஓசூர்லயே டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. பால் கேனும் மூட்டையும் மெதுவா அதுக்கு மாறின. வேடிக்கை என்னன்னா, அதுவும் ஒரே கியர்தான். மேட்டுல இறங்கித் தள்ளுற வேலையை எஞ்சின் வாங்கிக்கிச்சு.

சைக்கிள் பிள்ளைங்க கைக்குப் போச்சு. 2001-02-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கின இலவச சைக்கிள் திட்டம், 2005-06-ல மத்த மாணவ மாணவிகளுக்கும் விரிஞ்சது. பதினாறு வயசுப் பொண்ணுக்கு அரசுப் பள்ளி வாசல் வரைக்கும் போக ஒரு வண்டி. அதைப் பெரிய விஷயமாத்தான் நான் பார்க்கிறேன். அதுலயும் கியரை அவ தேர்ந்தெடுக்கலை.

நீங்க தேர்ந்தெடுக்கலாம். 700சி சக்கரம் கிட்டத்தட்ட 27 அங்குலம். கடையில 44-16 மாட்டித் தருவாங்க, அது 74 வரும். சமமான ரோட்டுல ஜோரா இருக்கும். ஓசூர் மேம்பாலத்துல, எதிர்க்காத்துல, முதுகுல லேப்டாப் பையோட முட்டி பேசும். உங்க ரோட்டோட மோசமான இடத்தைப் பார்த்துக் கியரை முடிவு பண்ணுங்க. 18 பல் போட்டா 66. ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. மாத்தும்போது செயின் நீளம் போதுமான்னு கேட்டுக்கங்க, கழட்டின பழைய ஃப்ரீவீலைக் கடையிலயே விட்டுட்டு வந்துடாதீங்க.