கடிதம் போட்டவர்கள் மன்றம் கண்ட கதை

“பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம்” எழுதச் சொன்னால் நம்ம பிள்ளைகள் அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிடுவார்கள். “போட்ட கடிதத்துக்குப் பதில் வருமா, டீச்சர்?” என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதைதான் இது.

1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தொடங்கியது. 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு வந்தது. வாசகர் எழுதுவார், பத்திரிகை அச்சிடும். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

1950இல் தமிழ் நேசன் ‘கதை வகுப்பு’ நடத்தியபோது நிலைமை மாறியது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். சிறுகதை எழுதும் முறையைப் பாடமாகப் போட்டுப் பயிற்சியும் கொடுத்தார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பியதைப் படித்து, மதிப்பிட்டுக் கருத்தும் சொன்னார்கள். நாம் கட்டுரை திருத்துவது போலத்தான். (“நன்று” என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த நோட்டுப் புத்தகத்தை எடுக்கும் நாள்கள் எனக்கும் உண்டு, அதைக் கருத்து என்று சொல்ல முடியாது.) நம்ம எழுத்தை ஒருவர் உண்மையாகவே படிக்கிறார் என்று தெரிந்தால் யார்தான் மறுபடி எழுத மாட்டார்கள்? மலாயாத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் இந்த வகுப்புக்குத் தனி இடம் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

அதன்பின் தமிழ் முரசிலும் விவாதம் சூடுபிடித்தது. புதுமைப்பித்தன் 1948இலேயே காலமாகிவிட்டார். ஆனாலும் அவருடைய எழுத்தின் தகுதி பற்றி இங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. மாற்றுக் கருத்துக்கும் பத்திரிகையில் இடம் கிடைத்ததால் பேச்சு நீண்டது.

கோ. சாரங்கபாணி இதை மாணவர்களிடம் கொண்டுபோனார். 1950களில் தமிழ் முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள், பெயர் அச்சில் வந்தது. முரசு அப்போது மலாயாவிலும் படிக்கப்பட்ட பத்திரிகை. எங்கோ தோட்டத்தில் இருக்கும் பையனுக்கும் சிங்கப்பூர் மாணவிக்கும் அது ஒரே பக்கம். முகம் தெரியாத பெயர்கள் மெல்ல மெல்லப் பழகிய பெயர்களாயின. பிறகு அந்த வாசகர்கள் அங்கங்கே கூடி மணிமன்றங்கள் அமைத்தார்கள். மலேசியாவில் அவை தமிழ் இளைஞர் மணிமன்றப் பேரவையாக வளர்ந்தன.

தேர்வு எழுதும் மாணவர்கள் கவனிக்க: ‘பத்திரிகைகளின் பங்கு’ என்று வினா வந்தால் தொடங்கிய ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். கதை வகுப்பையும் மணிமன்றத்தையும் எடுத்துக்காட்டி, வாசகர் எப்படி எழுத்தாளரானார், உறுப்பினரானார் என்று விளக்குங்கள்.

தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. கதையைக் கேட்டு முடித்த அந்த மாணவி, “அப்போ என் கடிதத்துக்கு நீங்க பதில் போடுங்க” என்றாள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறாளாம்.