'மலஃபெம்மெனா': ஒரு திருத்தம்



சென்ற மாதம் நேப்பிள்ஸ் நகரத்துப் பாடலான 'மலஃபெம்மெனா' பற்றி நாலு வரி எழுதினேன். அது சில்வானா பம்பனீனி என்ற நடிகையை நினைத்து எழுதப்பட்டது என்று சொல்லியிருந்தேன். தவறு. எங்கோ படித்ததைச் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன். இதற்காகவே உங்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். இன்று நானே ஏறி நிற்கிறேன்.

பாடலை எழுதி மெட்டும் அமைத்தவர் அந்தோனியோ தே குர்த்திஸ். 'தோத்தோ' என்றால்தான் இத்தாலியில் தெரியும். 1898இல் நேப்பிள்ஸின் ஏழைப் பகுதியில் பிறந்து, நாட்டையே சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர். பாடல் இத்தாலிய மொழியில் இல்லை; நேப்பிள்ஸ் மக்களின் சொந்த மொழியில் இருக்கிறது. (அதைக் கொச்சை இத்தாலியன் என்று நினைக்காதீர்கள். பாட்டுக்கும் நாடகத்துக்கும் பெயர்போன தனி மொழி.) தலைப்புக்கு 'கெட்டவள்' என்று பொருள். நடத்தை கெட்டவள் என்று ஒரு பெண்ணைத் தூற்றும் சொல்.

1950இல் தோத்தோவும் பம்பனீனியும் ஒரு படத்தில் சேர்ந்து நடித்தார்கள். அவர் விரும்பினார், அந்த அம்மா மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டே பாடல் வந்தது. ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது.

ஆனால் தோத்தோ அதைக் காணிக்கையாக்கியது டயானாவுக்கு. அவருடைய மனைவியாக இருந்தவர். மகள் லிலியானாவும் அப்படித்தான் சொல்லிவந்தார். தோத்தோ கடுமையான சந்தேகக்காரர். இத்தாலியில் 1970 வரை விவாகரத்துச் சட்டமே கிடையாது. அதனால் 1939இல் ஹங்கேரியில் போய் மணத்தை முறித்தார்கள். அதன் பிறகும் மகளுக்காக ஒரே வீட்டில் இருந்தார்கள். கடைசியில் டயானா வெளியேறி வேறொருவரை மணந்தார்.

சட்டப்படி எப்போதோ பிரிந்த பெண், தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போனார். அதற்கு 'கெட்டவள்' பட்டம்! பாட்டில் பேசுவது ஒரே ஒரு குரல்தான். டயானாவின் பக்கத்தைச் சொல்ல அதில் ஆளில்லை. என்றாலும் எனக்கு அந்தப் பாட்டைப் பிடிக்கும். திட்டத் தொடங்கியவர் திட்டி முடிக்க முடியாமல் உருகுகிறார். தப்பு யார் மேல் என்பது அவருக்கே தெரிந்திருக்குமோ என்று தோன்றும்.

1951இல் நேப்பிள்ஸின் பியெதிக்ரோத்தா விழாவில் மாரியோ அப்பாத்தே முதலில் பாடினார். ஊரெங்கும் கொண்டுபோனவர் ஜாக்கோமோ ரொந்தினெல்லா. நியூயார்க்கின் இத்தாலியர்களிடம் ஜிம்மி ரோசெல்லியின் குரலில் பரவியது. 1973இல் ஸ்கார்செசியின் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' படத்திலும் அதுதான் ஒலித்தது.

என் மனத்தில் நிற்பது 1956இல் வந்த படம். பாடலின் பெயரையே தலைப்பில் வைத்து, தோத்தோவும் பெப்பினோ தே பிலிப்போவும் நடித்தது. கிராமத்து மாமன்கள் இருவர், தங்கள் மருமகன் காதலிக்கும் நாடக நடிகையைக் கெட்டவள் என்று முடிவுகட்டி, பணம் கொடுத்து விரட்ட மிலான் போகிறார்கள். பிழை மலிந்த கடிதம் ஒன்றை ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் காட்சியை அந்த நாட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மருமகனாக வரும் டெட்டி ரெனோ, அவளைத் தவறாக எண்ணி இந்தப் பாட்டை அவள் முன்னாலேயே பாடுகிறார். அவள் அழுகிறாள். கடைசியில் அவள் நல்லவள் என்று தெரிந்து கல்யாணம் நடக்கிறது.

டயானா அந்தப் படத்தைப் பார்த்திருப்பாரா?

பழைய பதிவைத் திருத்திவிட்டேன். அதைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிர்ந்துவிடுங்கள்.