கரணமில்லா இல்லறமும் பிரிவுக்குப் பின் எழும் உரிமைகளும்: போடிநாயக்கனூர் மலையடிவாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருமணச் சடங்கோ பதிவோ இன்றிக் கணவன் மனைவியாக வாழ்ந்தோர் பிரியும்போது, பெண்ணுக்கு ஜீவனாம்சமும் சொத்துரிமையும் உண்டா என்னும் வினாவுக்குக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அவ்விடைகளின் வரலாற்றைத் தேனி மாவட்டம் போடிநாயக்கனூர், பொட்டிபுரம் வட்டாரத்து உழைப்புச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. ஜீவனாம்ச உரிமை சுருங்கியும் விரிந்தும் வளர்ந்துள்ளது. சொத்துரிமையோ பெரிதும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச் சொற்கள்: கரணம், அவருத்த ஸ்திரீ, ஜீவனாம்சம், குடியிருப்புரிமை, அறுத்துக்கட்டுதல், ஏலமலை.

முன்னுரை

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. இணைந்து வாழ்தல் முந்தையது, சடங்கு பிந்தையது என்னும் புரிதல் இதில் உள்ளது. நவீனச் சட்டமோ சடங்கை முதலில் தேடுகிறது. சடங்கு மெய்ப்பிக்கப்படாத இடத்தில் பெண்ணின் நிலை என்ன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

அவருத்த ஸ்திரீ முதல் 1956 வரை

மிதாட்சர மரபுவழிப்பட்ட இந்துச் சட்டம், ஒருவனோடு நிலையாக வாழ்ந்த மணமாகாப் பெண்ணை ‘அவருத்த ஸ்திரீ’ எனச் சுட்டியது. அவன் இறந்தபின் அவனது சொத்திலிருந்து அவள் ஜீவனாம்சம் பெறலாம். ஆனால் அவன் உயிரோடிருக்கையில் அவளைக் கைவிட்டால் அவளுக்கு வழக்குரிமை இல்லை என்னும் நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 1900-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் மேற்கொண்டது. உரிமை ஆணின் இறப்போடு பிறந்ததேயன்றிப் பிரிவோடு பிறக்கவில்லை என்பது இங்குக் கவனத்திற்குரியது.

இதற்கு இணையாக மற்றொரு நெறியும் வளர்ந்தது. இலங்கைத் தமிழர் தொடர்பான வழக்கொன்றில் 1881-இல் பிரிவி கவுன்சில், ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டால், மறுதலை தெளிவாக நிறுவப்படும்வரை, அவ்வாழ்க்கை செல்லுபடியாகும் திருமணத்தின் வழிவந்ததென ஊகிக்கவேண்டும் என்றது. இவ்வூகத்தை உச்ச நீதிமன்றம் பத்ரி பிரசாத் வழக்கில் (1978) ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால இணைவாழ்வுக்குப் பொருத்தியது.

1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், சார்ந்து வாழ்வோர் பட்டியலில் அவருத்த ஸ்திரீயைச் சேர்க்கவில்லை. சட்டத்திற்கு முன்பே பிறந்துவிட்ட உரிமை அழியாது என உச்ச நீதிமன்றம் 1965-இல் கூறியபோதிலும், புதிதாக அத்தகைய உரிமை தோன்றும் வழி அடைபட்டது. ஒருதார மணத்தை நிலைநாட்டிய அதே சீர்திருத்தக் காலத்தில், மணம் மெய்ப்பிக்கப்படாத பெண் பழைய பாதுகாப்பையும் இழந்தாள் எனலாம்.

சுயமரியாதைத் திருமணம்: தமிழகத்தின் தனி அனுபவம்

சடங்கின்மை பெண்ணின் நிலையை எவ்வாறு தாழ்த்தும் என்பதைத் தமிழகம் நேரடியாக அறிந்திருந்தது. புரோகிதரும் மரபுச் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் தீர்ப்பளித்தது. ஊரறிய மணந்த பெண்கள் பலரின் மனைவி என்னும் நிலை இதனால் கேள்விக்குள்ளானது. 1967-இல் அண்ணாதுரை தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களுக்கும் ஏற்பு வழங்கியது. சட்டமன்றம் நினைத்தால் ஒரு பெண்ணின் நிலையைப் பின்னோக்கியும் மீட்டெடுக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

வேலுசாமி வழக்கும் அதன் வரையறையும்

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ என்னும் தொடரை அது ஏற்றது; பொருளை வரையறுக்கவில்லை. அவ்வரையறை தமிழகத்து வழக்கொன்றின் வழியே வந்தது.

கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் 2001-இல் ஒரு பெண் ஜீவனாம்சம் கோரினார். 1986-இல் மணம் நடந்ததென்பது அவர் கூற்று. 1980-இலேயே தனக்கு வேறொருவருடன் மணமாகிவிட்டதென்பது எதிர்த்தரப்பின் மறுப்பு. கீழ்நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் பெண்ணின் பக்கம் நின்றன. 2010 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம், முதல் மனைவி எனப்படுபவரை விசாரியாமல் முடிவெடுத்தது தவறெனக் கூறி வழக்கைத் திருப்பியனுப்பியது. கூடவே நான்கு நிபந்தனைகளை வகுத்தது: இருவரும் தம்மைத் தம்பதியராகச் சமூகத்தில் காட்டிக்கொள்ளல், மணவயது அடைந்திருத்தல், மணமாகாத நிலை உள்ளிட்ட மணத்தகுதி பெற்றிருத்தல், கணிசமான காலம் விருப்பத்தோடு இணைந்து வாழ்தல். கலிபோர்னியாவில் 1976-இல் மார்வின் வழக்கு உருவாக்கிய, மணமாகாத் துணைவர்களுக்கிடையிலான ஒப்பந்த உரிமையையும் இத்தீர்ப்பு விளக்கியது. எனினும் இந்தியப் பெண்ணின் உரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே நிறுத்தியது.

இதற்கு இரு வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் 7 அன்று, அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு சன்முனியா வழக்கில், நெடுங்காலம் இணைந்து வாழ்ந்த பெண்ணையும் ‘மனைவி’ என்னும் சொல்லுக்குள் அடக்கலாம் எனக் கருதி, வினாவைப் பேரமர்வுக்குப் பரிந்துரைத்தது. ஒரே மாதத்தில் வெளிவந்த இவ்விரு தீர்ப்புகளும் நேரெதிர்த் திசைகளில் செல்வதை அறியமுடிகிறது.

மலையடிவாரச் சூழலில் மூன்றாம் நிபந்தனை

நான்கு நிபந்தனைகளுள் மணத்தகுதியே மதுரை, தேனி வட்டாரத்து உழைக்கும் பெண்களுக்கு மிகவும் இடர்தருவது. முதல் உறவை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு மற்றொருவரோடு வாழும் ‘அறுத்துக்கட்டும்’ வழக்கம் இவ்வட்டாரச் சமூகங்கள் சிலவற்றில் நெடுங்காலமாக உள்ளது. பிரமலைக் கள்ளர் குறித்த லூயி துய்மோனின் ஆய்வும் மணமுறிவும் மறுமணமும் அங்கு இயல்பாக இருந்தமையைப் பதிவுசெய்துள்ளது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 29(2) பிரிவில் வழக்காற்று மணமுறிவை ஏற்கிறது. ஆயினும் அவ்வழக்காற்றை எடுத்துக்கூறி மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனைச் சார்ந்து வழக்காடுவோரையே சேரும். ஊர்க்கூட்டத்தின் வாய்மொழித் தீர்வுக்கு ஆவணம் இல்லாதபோது, முதல் மணம் சட்டத்தின் பார்வையில் முறியாததாகிறது. இரண்டாம் இல்லறம் எத்தனை ஆண்டு நீடித்தாலும் மணத்தகுதியற்ற உறவாகிவிடுகிறது. வழக்காறு வழங்கிய விடுதலையே பின்னர் உரிமையிழப்புக்குக் காரணமாவது இங்குள்ள முரணாகும்.

இச்சூழலில் ஆட்சி எல்லை சார்ந்த ஏற்பாடு பயனுடையது. போடிநாயக்கனூர்ப் பகுதிப் பெண்கள் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று காய் பறித்துத் திரும்புகின்றனர்; வீடு ஒரு மாநிலத்திலும் கூலி மற்றொன்றிலும் உள்ளன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பெண் குடியிருக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள நடுவரை அணுகலாம். ஆணை இந்தியா முழுவதும் செல்லும்.

குடியிருக்கலாம், உரிமை கோர இயலாது

அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வீட்டில் சட்ட உரிமை இல்லாத பெண்ணுக்கும் அங்குக் குடியிருக்கும் உரிமையை அளிக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் உறவு நீடித்திருக்க வேண்டியதில்லை என்று பிரபா தியாகி வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் இது குடியிருப்புரிமையே, உடைமையுரிமை அன்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் துணைவிக்கு இடமில்லை. பெண்ணின் கூலியில் வாங்கிய மனை ஆணின் பெயரில் பட்டாவாகியிருப்பின் சிக்கல் மேலும் கூடுகிறது. பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டத்தின் விதிவிலக்கு கணவன், மனைவியைக் குறிப்பிடுகிறது. மணமாகாத் துணைவரைக் குறிப்பிடவில்லை. பிள்ளைகளின் நிலை சற்று மேம்பட்டது: செல்லாத் திருமணத்தில் பிறந்தோர்க்கும் பெற்றோரின் சொத்தில் பங்குண்டு என்பதை 2023 செப்டம்பர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

முடிவுரை

செல்லாத் திருமணத்தில் வாழ்ந்தவர்க்கும் நிரந்தர ஜீவனாம்சம் வழங்கலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதுவரை, பராமரிப்பு உரிமை வளர்ந்துவந்துள்ளது. ஆயினும் ஜீவனாம்சம் பெண்ணைச் சார்ந்து வாழ்பவளாகவே கருதுகிறது. ஏலத்தோட்டக் கூலியில் குடும்பத்தைத் தாங்கிய பெண் சார்ந்து வாழ்ந்தவள் அல்லள், சொத்தை உருவாக்கியவள். அவளது உழைப்பைப் பங்களிப்பாக ஏற்கும் நெறி இன்னும் உருவாகவில்லை. 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் சடங்கின் பிடியிலிருந்து மனைவி என்னும் நிலையை விடுவித்தது போல, இணைவாழ்வில் ஈட்டிய சொத்தைப் பட்டாவிலுள்ள பெயரின் பிடியிலிருந்து விடுவிக்கும் சட்டம் தேவை என்பதும், வழக்காற்று மணமுறிவை எழுத்தில் பதிவுசெய்யும் முறை அதற்கு முற்படியாக அமையவேண்டும் என்பதும் இவ்வாய்வின் முடிவுகளாகும்.