பத்துமலையும் வெடி அதிர்வும்

அசைவின்மைக்கு மலையை உவமை கூறுவது நம் புலவர் மரபு. ஆயினும் மலையும் அசையும். அசைந்து சரிதலும் உண்டு. மனிதன் வைக்கும் வெடி அச்சரிவுக்கு எங்ஙனம் துணைபோகிறது என்பதை அறியப் பத்துமலையின் வரலாறு உதவும். அசாம் ஜாவா, கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து சென்ற நம் மக்களுக்கு அம்மலை புதியதன்று.

கோயிலும் கல்லும்

பத்துமலை சுண்ணாம்புக்கல்லால் ஆகியது. அக்கல்லின் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு என்பர் நிலநூலார். அங்கே 1891-இல் தம்புசாமிப் பிள்ளை முருக வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். 1892-இல் முதல் தைப்பூசம் நடைபெற்றது. வழிபாடு வளர்ந்த காலத்திலேயே கோலாலம்பூர் நகரும் வளர்ந்தது. சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் அம்மலையின் பக்கங்களில் துளையிட்டு, வெடி வைத்துக் கல் எடுத்தனர். அடியார் ஏறும் மலையே கல் தரும் மலையாகவும் இருந்தது.

அதிர்வு செய்வது யாது?

துளைக்கு அருகில் உள்ள பாறையை வெடியின் விசையும் ஆவியும் நேரே பிளக்கின்றன. எஞ்சிய விசை அதிர்வாக மாறித் தொலைவு செல்கிறது. செங்குத்தான பாறைச்சுவரில் இயற்கையான பிளவுகள் பல உண்டு. பிளவின் இருபுறமும் ஒன்றையொன்று உராய்ந்து பற்றியிருப்பதாலேயே சுவர் நிற்கிறது. அதிர்வு அப்பற்றைக் கணப்பொழுது தளர்த்துகிறது. முறத்தில் குவித்த அரிசி, விளிம்பைத் தட்டியதும் சரிவது போன்றதே இது. ஒருமுறை மயிரிழை நகர்ந்த பாறை மீண்டும் பழைய இடத்துக்கு வருவதில்லை. விரிந்த பிளவில் மழைநீர் புகுந்து பாறையை வெளியே தள்ளுகிறது. ஆகவே சரிவு, வெடித்த நாளில் நேராமல், பின்னொரு மழைநாளில் நேர்தலும் கூடும்.

எல்லாச் சரிவுக்கும் வெடியே காரணம் எனல் பொருந்தாது. சுண்ணாம்புக்கல் மழைநீரில் தானே கரையும் இயல்புடையது. 1973-இல் ஈப்போவில் குனோங் செரோ பாறை சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. நீரும் பிளவும் நெடுநாள் செய்த வேலை அது. இத்தகைய மலையில் வெடியும் சேருமாயின் இடர் மிகும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அளவு அறிதல்

வெடிமருந்து நான்கு மடங்கானால், அதே வலிமையுள்ள அதிர்வு இரு மடங்கு தொலைவுக்குச் செல்லும் என்பது பொறியாளர் கையாளும் கணக்கு. ஆதலின் 400 கிலோ மருந்தை ஒருங்கே வெடிக்காது, நூறு நூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 8 மில்லி விநாடி விட்டு வெடிப்பர். அங்ஙனம் செய்தால் அவ்வதிர்வு எட்டும் தொலைவு பாதியாகும். திறந்தவெளிச் சுரங்கங்களில் இறுதிச் சுவரைக் காக்க, அதன் ஓரமாக நெருக்கமான துளைகளிட்டுச் சிறு வெடியால் முன்னரே ஒரு பிளவை உண்டாக்கும் வழக்கமும் உண்டு.

பத்துமலையைக் காக்க வேண்டுமென்ற குரல் வலுத்தது. 1980-களின் தொடக்கத்தில் அங்குக் கல்லுடைப்பு நின்றது. வெடியோசை அன்றே அடங்கிற்று. ஆனால் விரிந்த பிளவு தானே மூடுவதில்லை. இன்றும் பல்லாயிரவர் கூடும் அம்மலையடியில் பாறைச்சுவர்களைக் காலந்தோறும் ஆய்ந்து, தளர்ந்த கல்லை அகற்றுதல் கடமையாகும். பிற மலைகளில் வெடி வைப்போர், எவ்வளவு கல் கிடைக்கும் என்று எண்ணுமுன், அம்மலையின் கீழ் வாழ்வோர் யாவர் என்று எண்ணுவாராக.