மைசூரிலிருந்து திருவையாற்றுக்கு

மைசூர் வாசுதேவாசாரியார் என்றவுடன் கமாஸ் ராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை நம்மவர் பலருக்கும் நினைவில் எழும். அவர் தமிழ்நாட்டிற்கு மாணாக்கராகச் சென்ற வரலாற்றை அறிந்தோர் அத்தனை பேர் இரார். 1865-ஆம் ஆண்டில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், மைசூரில் வீணை பத்மநாபையாவிடம் பாடம் தொடங்கினார். பின்னர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் பொருளுதவி செய்து, திருவையாற்றில் வாழ்ந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் அவரை அனுப்பி வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஓடும் காவிரிதான் திருவையாற்றையும் தொட்டு ஓடுகிறது. சங்கீதத்தை நாடி அவர் ஆற்றின் போக்கிலே கீழே சென்றார். பிழைப்பை நாடி நாம் அதே ஆற்றை எதிர்த்து மேலே வந்து ஹெப்பாளில் குடியேறியிருக்கிறோம்.

எத்தகைய ஆசிரியரிடம் அவர் சென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். தியாகராஜ சுவாமிகளின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவருடைய சீடர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845–1902). நம் குழந்தைகள் பாடம் செய்யும் ஆபோகி ராகத்து ஆதி தாள வர்ணம் அவர் இயற்றியது. மோகன ராகத்து ஆதி தாள வர்ணமோ அவர் மாணாக்கர் பூச்சி சீனிவாச ஐயங்கார் இயற்றியது. நம் வீட்டுக் கூடத்தில் வாரந்தோறும் ஒலிப்பது அந்தத் திருவையாற்று வீட்டின் பாடமே என்றால் மிகையாகாது.

அக்காலத்துக் குருகுலத்தில் மாணாக்கனை அமர்த்திப் பாடம் சொன்ன நேரம் சொற்பமே. மற்ற நேரமெல்லாம் என்ன நடந்தது? குரு விடியற்காலையில் சாதகம் செய்வதை அவன் கேட்டான்; மூத்த மாணாக்கர் தடுமாறித் திருத்திக்கொள்வதைக் கேட்டான்; கச்சேரியில் பின்னமர்ந்து தம்புரா மீட்டினான். ஒரு கீர்த்தனை தன் முறைக்கு வருமுன்பே அவன் செவியில் பாதி ஊறிவிடும். பாடம் என்பது அப்படி ஊறியதைச் சீர்செய்யும் காரியமாக இருந்தது. பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் 1910 முதல் 1918 வரை மைசூரில் பயின்ற சௌடையாவும் இத்தகைய பயிற்சியில் உருவானவரே.

குருகுலத்தை நான் வானளாவப் புகழவில்லை. வீட்டு வேலையிலேயே ஆண்டுகளைத் தொலைத்த பிள்ளைகள் உண்டு; பெண்களுக்கு அத்தகைய வீடுகளின் கதவு பெரும்பாலும் திறக்கவேயில்லை. இன்று நம் பெண்குழந்தைகளே முன்வரிசையில் அமர்ந்து பாடுகிறார்கள். அது பெரிய பேறு. ஆயினும் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் ஆசிரியரிடம் அனுப்பிவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் செவியைப் பட்டினி போடும் வீட்டில் அந்தப் பேறு எப்படிப் பலிக்கும்? ஓராண்டு ஆனதும், "இன்னும் ஜண்டை வரிசைதானா?" என்று பெற்றோர் கேட்கத் தொடங்குகிறார்கள். மறு ஆண்டு குழந்தை வகுப்பை விட்டுவிடுகிறது.

சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் வைத்த மரபைப் புரந்தரதாசருக்கு உரியதாகச் சொல்வார்கள். அந்த ராகத்தில் பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்திற்குள்ள இடைவெளியே பஞ்சமத்திலிருந்து தைவதத்திற்கும் அமையும். ஒரு பாதியைப் பிடித்த செவி மறுபாதியைத் தானே பிடிக்கும். ஆனால் முதற்காலத்தில் சுருதி சேருமுன் மூன்றாம் காலத்திற்குப் பாய்ந்தால் இந்த நன்மை முழுவதும் போய்விடும். விருந்தினர் முன் பாடிக் காட்டும் ஆசைதான் பிள்ளைகளை அப்படி விரட்டுகிறது.

ஆகவே திருவையாற்று வீட்டில் இயல்பாக நடந்ததை நம் வீட்டில் நாமே ஏற்படுத்த வேண்டும். பாடம் கேட்ட அன்றிரவே, மறப்பதற்கு முன், கால்மணி நேரம் அதைப் பாடச் செய்வது நலம். வர்ணம் இடறினால் முதலிலிருந்து ஓட்டாமல், இடறிய ஆவர்த்தனத்தை மட்டும் தாளம் போட்டு மெதுவாகப் பத்துத் தரம் பாடட்டும். சுருதிப்பெட்டி ஒலிக்கத் தாயோ தந்தையோ அருகில் அமர்ந்திருந்தால் போதும். சங்கீத ஞானம் வேண்டுவதில்லை. ஆசிரியர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யும் வழக்கம் இப்போது எங்கும் காண்கிறது. பதிந்ததைத் திரும்பக் கேட்பவர் எத்தனை பேர்? காலை உணவு வேளையில் அதைப் போட்டு விட்டாலே பாதிப் பாடம் ஆயிற்று.

வாசுதேவாசாரியார் முதுமையில் மீண்டும் தமிழ்நாடு சென்றார். இம்முறை ஆசிரியராக, சென்னைக் கலாக்ஷேத்திரத்திற்கு. அங்கே இராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்து வந்தார். அப்பணி முற்றுப்பெறுமுன் 1961-இல் அவர் காலமானார். எஞ்சிய பகுதிகளுக்கு இசை அமைத்தவர் அவரிடம் பயின்ற பேரர் இராஜாராம்.