எல்.பி. தட்டுகளும் என் தராசும்

நம் வயதுக்காரர்களுக்கு "பிளேட்டு" என்றால் சாப்பாட்டுத் தட்டு மட்டுமல்ல. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய அந்தக் கனத்த தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. அதற்குள் வித்வான்கள் ஒரு கீர்த்தனையையே முடித்தாக வேண்டும். ஆலாபனைக்கு இடம் இல்லை. "அந்தச் சுருக்கமே அழகு" என்று சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. சுற்று 33⅓ ஆகக் குறைந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. கலைஞன் முன் புதுக் கேள்வி ஒன்று நின்றது: இந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிலர் அதில் வீடு கட்டினார்கள். பலர் சாமான்களைப் போட்டு நிரப்பினார்கள். கீழே வரும் என் அபிப்பிராயங்களுக்கெல்லாம் இதுதான் தராசு.

நம் நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்துக்கு இந்தக் கதவைத் திறந்தது 1955இல் நியூயார்க்கில் பதிவான அலி அக்பர் கானின் சரோட் தட்டு. ஒரு பக்கம் சிந்து பைரவி, மறுபக்கம் பீலு. தபேலா சதுர் லால். வயலின் மேதை யெகுதி மெனுஹின் முன்னுரை பேசி வாத்தியங்களை அறிமுகம் செய்கிறார். மரியாதையான பேச்சு, நமக்குத் தேவையில்லாதது. ஆனால் சரோட் தொடங்கியதும் ஒன்று புரியும். அதுவரை மூன்று நிமிடக் கூண்டில் இருந்த ராகம் காலை நீட்டி உட்கார்கிறது. இன்றும் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண்.

1963இல் வந்தது எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம். கூடப் பாடியவர் ராதா விஸ்வநாதன். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், ப்ரபத்தி, மங்களாசாசனம் என நான்கும் சேர்ந்து சுமார் இருபது நிமிடம். பழைய தட்டில் இதை ஆறேழு துண்டாக நறுக்கியிருப்பார்கள். எல்.பி.யின் ஒரு பக்கத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டது. என் குறை பாட்டின் மேல் இல்லை, நம் மேல்தான். கோயில் ஒலிபெருக்கியும் தேநீர்க்கடையும் சேர்ந்து அதைக் காலை நேரத்துச் சத்தமாக்கிவிட்டன. ஒரு நாள் மாலையில், கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். அந்தக் குரல் எங்கும் அவசரப்படாதது அப்போதுதான் காதில் விழும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இன்னொரு அலமாரியும் உண்டு. எதித் பியாஃப் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடிய 1961ஆம் ஆண்டுத் தட்டைப் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அரங்கைக் காப்பாற்ற, உடல் நலிந்த நிலையில் அவர் வந்து பாடினார். சரித்திரமாக அது பெரியது. சங்கீதமாக, வாத்தியக் குழு அவரை அமுக்குகிறது என்பதே என் எண்ணம். அதே அரங்கில் 1964இல் பதிவான ழாக் பிரெலின் தட்டு வேறு ரகம். "ஆம்ஸ்டர்டாம்" பாட்டை அவர் ஸ்டூடியோவில் பதிவு செய்யவே இல்லை. நமக்குக் கிடைப்பது அந்த மேடைக் குரல்தான். துறைமுகத்து மாலுமிகளின் பாட்டு அலைபோல ஏறி ஏறிப் போய், கடைசியில் கூட்டம் கத்துகிறது. நானும் கத்தலாம் போலிருக்கும். எனினும் தினமும் கேட்க எனக்கு ழார்ழ் பிரசான்ஸ்தான். ஒரு கிதார், பின்னால் பியேர் நிக்கொலாவின் பெரிய பாஸ், அவ்வளவே. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்பவர்கள் வார்த்தையைக் கவனிக்காதவர்கள். அகராதி பக்கத்தில் இருந்தால் நல்லது.

1967இல் இரண்டு பேர்போன தட்டுகள் வந்தன. ரவிசங்கரும் மெனுஹினும் சேர்ந்த "வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்" கிராமி விருது வாங்கியது. தட்டைத் திருப்பிப் போட்டால் சித்தாரே இல்லை. மெனுஹினும் அவர் தங்கை ஹெப்ஸிபாவும் எனெஸ்குவின் சொனாட்டாவை வாசிக்கிறார்கள். முதல் பக்கத்திலும் இருவரும் சேர்ந்து வாசிப்பது ஒரு பகுதிதான். மேற்கும் கிழக்கும் வாசற்படியில் கைகுலுக்கின. உள்ளே வந்து உட்காரவில்லை. "கால் ஆஃப் தி வேலி" அப்படியல்ல. காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளை, விடியல் முதல் இரவு வரை, அந்தந்த வேளை ராகங்களில் சொல்கிறது. ராகத்துக்குப் போதிய நேரம் தரவில்லை என்று பண்டிதர்கள் குறை சொல்லலாம். சந்தூர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா பெயர்களைச் சொல்பவர்கள் மூன்றாமவரை மறந்துவிடுகிறார்கள். பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார்தான் அதில் எனக்கு உயிர். தட்டு முழுவதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. என் தராசில் அது தேறியது.

நம் பக்கத்தில் 1986இல் இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்". பெரும்பாலோர் கேசட்டில்தான் கேட்டோம். தியாகராஜருக்கும் பாஃகுக்கும் காணிக்கை. பாஃகின் வயலின் தனி இசையை எடுத்து அதோடு பேசும் பகுதியில், வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரண்டு வீட்டிலும் பழகிய பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறது. இங்கே மேற்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. தாள வாத்தியம் சில இடங்களில் முன்னால் வந்து நிற்பது மட்டும் எனக்கு உறுத்தல். 1988இல் சௌராசியாவை வைத்துச் செய்த "நத்திங் பட் விண்ட்" இனிமையானது. முதலாவது அளவுக்கு என்னைப் பிடித்து வைக்கவில்லை.

இப்போது எந்தப் பாட்டையும் தனியே பிடுங்கிக் கேட்கலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் காஷ்மீரத்து இரவை முதலில் கேட்டுவிட்டு விடியலைப் பிறகு கேட்டால், அந்த நாள் எங்கே இருக்கிறது? எதற்குப் பின் எது வர வேண்டும் என்று யோசித்து வைத்த வரிசையும் இசையில் ஒரு பங்குதான். தட்டு போய்விட்டது, போகட்டும். வரிசை போகக் கூடாது. மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடக்கம் முதல் கடைசி வரை, நடுவில் எழுந்திருக்காமல் கேட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடம் போதும். பியாஃப் பக்தர்கள் திட்டி எழுதுவார்கள் என்று தெரியும், காத்திருக்கிறேன்.